குதிகால் கறுப்பு

தோல் வைத்தியத்தை மேற்படிப்புக்கு நீங்களாகவே விரும்பி எடுத்துக்கொண்டீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காலத்தில் இதை யாரும் விரும்பி எடுத்ததில்லை. கத்தி பிடிப்பவருக்கு மரியாதை கிடைக்கும், பிரசவம் பார்ப்பவருக்குப் பலகாரம் கிடைக்கும். தோல் பார்ப்பவருக்குச் சொறி சிரங்குதான் கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் நான் ஒருத்திதான். பிரசவம் இல்லாத நேரத்தில் இவள் சும்மாதானே இருக்கிறாள் என்று சொறி, படை, மரு எல்லாவற்றையும் என் மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்கள் நன்றாக இருக்கட்டும். அந்த மேஜையில் கிடைத்த சந்தோஷம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

ஈரலைப் பார்க்க வேண்டுமென்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். தோல் அப்படியில்லை, வெளிச்சத்தில் நம் கண் முன்னால் விரிந்து கிடக்கிறது. அப்படியும் நாம் தவறவிடுகிறோம். கண் முன்னால் இருப்பதைத் தவறவிடுவதில் டாக்டர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

உங்களுக்கு முதலில் பெயர்களைச் சொல்லிக்கொடுப்பார்கள். நிறம் மட்டும் மாறித் தட்டையாக இருந்தால் மேக்யூல், சின்ன மேடாக இருந்தால் பேப்யூல், உருண்டு உள்ளே இறங்கியிருந்தால் நாட்யூல். இதையெல்லாம் மனப்பாடம் செய்வது அலுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெயர்கள் எனக்குப் பிடிக்கும். அவை நோய் என்னவென்று சொல்வதில்லை, பார்த்ததை மட்டுமே சொல்கின்றன. எங்கள் ஊர்க்காரர்களுக்கும் தேமல், படை, மங்கு, மச்சம், மரு, பாலுண்ணி என்று விதவிதமாகச் சொற்கள் உண்டு. ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து, "ரத்தம் கெட்டுப்போச்சு டாக்டரம்மா" என்று முடித்துவிடுவார்கள். டாக்டர்களும் அதே வேலையைத்தான் செய்கிறோம், இங்கிலீஷில் செய்கிறோம். நோயின் பெயரை வாய்விட்டுச் சொன்ன பிறகு கண் லீவு போட்டுவிடுகிறது. அப்படி ஒரு பெயர் ஒரு மனிதரின் காலை வாங்கப் பார்த்த கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். என் வலது கை விரல் நுனிகள் அப்போது எப்போதும் கறுப்பாக இருக்கும். மருவைச் சுடுவதற்குச் சில்வர் நைட்ரேட் குச்சி வைத்திருப்போம். அது பட்ட இடம் கறுத்துவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. மேலே இருக்கும் தோல் தானாக உதிர்ந்து புதுத்தோல் வந்தால்தான் போகும். அதற்குள் அடுத்த மரு வந்துவிடும். வாரத்துக்கு ஒருநாள் வெளியூரிலிருந்து காரில் வந்து அறுவை சிகிச்சை செய்யும் சர்ஜன், "டாக்டர் கையா இது, கரி அள்ளுகிற கையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அவர் வரும் நாளில் நான் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு திரிவேன்.

அந்த சர்ஜனைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். கத்தியில் அவ்வளவு சுத்தமான கை. ஏழை என்று தெரிந்தால் பழம் வாங்கச் சொல்லித் தன் பையிலிருந்து கொடுப்பார். கோபம் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்துவிடும்.

ஒரு வருஷம் அய்யனார் கோவில் பக்கத்து மலையில் விறகு வெட்டும் ஒருவர் வந்தார். உள்ளங்காலில் கறுப்பாக ஒரு கட்டி. ஊரில் மச்சம் என்று விட்டுவைத்திருந்தார்கள், பிறகு யாரோ கீறிப் பார்த்தார்கள். எங்களிடம் வந்தபோது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது, அதுவரைக்கும் பரவிவிட்டது. அது நிஜமான கரும்புற்று, அதாவது தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களிலிருந்தே கிளம்பும் புற்று. செருப்பில்லாமல் நடக்கும் நம் ஜனங்களுக்கு அது பெரும்பாலும் காலில்தான் வரும். அவருக்குச் செய்வதற்கு சர்ஜனிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. விறகுவெட்டி வீட்டுக்குத் திரும்பியதும் சர்ஜன் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "இனி ஒரு கறுப்பைப் பார்த்தால் அன்றைக்கே கால் போக வேண்டும். கீறிப் பார்க்கிற வேலையே வேண்டாம்" என்றார். புற்றைக் கீறினால் பரவிவிடும் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது.

இந்த நிலைமையில்தான் ராக்கப்பன் வந்து சேர்ந்தார்.

ராக்கப்பன் தச்சர். வருஷம் முழுக்க வண்டிச் சக்கரம் செய்வார். ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடும்போது மட்டும் வேறு வேலை, தேருக்குக் கட்டை போடும் வேலை. எங்கள் ஊர்த் தேரைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இழுப்பதற்கு ஊரே வடம் பிடிக்கும். நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் சக்கரத்தோரம் நிற்கும் சில பேர்தான் உண்டு. சரியான நேரத்தில் சறுக்குக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். ராக்கப்பன் இடது குதிகாலை மண்ணில் ஊன்றி, குனிந்து, கட்டையைக் கொடுத்து, அதே காலால் எம்பி விலகுவார். கொஞ்சம் பிசகினால் தேர் வீட்டுச் சுவருக்குள் போகும், இல்லையென்றால் அவர் சக்கரத்துக்குள் போவார்.

அந்த இடது குதிகாலில்தான் கறுப்பு. உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தட்டையாக, ஓரம் கோணல்மாணலாக, ஓரிடத்தில் கருகருவென்றும் இன்னோரிடத்தில் பழுப்பாகவும் இருந்தது. சுற்றிலும் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். பாடப்புத்தகத்தில் படம் போட்டதுபோல் இருந்தது.

சர்ஜன் அந்தக் காலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அடிபட்டதா, முள் குத்தியதா, முன்னால் அங்கே மச்சம் இருந்ததா, மருந்து ஏதாவது போட்டீரா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ராக்கப்பன் இல்லை என்றார். "கரும்புற்று. சுற்றிலும் குட்டி வேறு போட ஆரம்பித்துவிட்டது" என்று சர்ஜன் என்னிடம் சொன்னார். பிறகு அவரிடமே நேராகச் சொன்னார். "முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். இன்றைக்கே."

ராக்கப்பன் காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தேருக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டார்.

"முந்திதான்யா. இன்றைக்கே என்றேனே."

"அப்ப கட்டை யாரு போடுவா?"

சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பிக்கலாம், குடும்பத்தாரிடம் பேசி வையுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார்.

குடும்பத்தார் என்றால் அவர் மனைவி செண்பகம் ஒருத்திதான். வராண்டாவில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. சொன்னது தனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் தரையையே பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. மயக்கம் போட்டுவிடுவாளோ என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். இடது கையால் வாங்கினாள்.

உங்களுக்கு இது ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் டாக்டரம்மாவிடம் இடது கையால் தண்ணீர் வாங்கமாட்டாள். வலது கையை எங்கே என்று பார்த்தேன். முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். நான் வாரம் ஒருநாள் வைத்துக்கொள்கிற அதே மாதிரி.

"சோத்துக் கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டு."

காட்டவில்லை. நான் கொஞ்சம் முரட்டுக்காரி, பிடித்து இழுத்துவிட்டேன். பெருவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் கறுப்பு. என் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்கா தங்கச்சி மாதிரி இருந்தன. புருஷனுக்குக் குதிகாலில், பொண்டாட்டிக்கு விரல் நுனியில். கரும்புற்று தொற்றுநோய் இல்லை என்பது எனக்கு அந்தக் கலவரத்திலும் ஞாபகம் இருந்தது.

"என்னத்தைத் தொட்ட, செண்பகம்?"

அப்போதுதான் அழுதாள். "நான்தாம்மா அவிய காலைத் தின்னுட்டேன். எனக்குத் தெரியும், நான்தான் வர வச்சேன்."

அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. ராக்கப்பனுக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு. வெடித்த காலை ஊன்றினால் வழுக்கும் என்று தேருக்கு முன்னால் வருஷாவருஷம் மெழுகும் வேப்பெண்ணெயும் காய்ச்சி அவள்தான் தடவிவிடுவாள், அதை மருந்தென்று அவர் நினைத்ததே இல்லை. இந்த வருஷம் வெடிப்பு மூடவில்லை. சேராங்கொட்டை எண்ணெய் வைத்தால் மூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். துணியில் வண்ணான் குறி போடுவதும் அந்தக் கொட்டைச் சாறுதான், பட்டால் கறுக்கும், சிலருக்குக் கொப்புளிக்கும். ராக்கப்பனுக்கு முன்னொரு தடவை அது பட்டு முகம் பூசணிக்காயாக வீங்கியதிலிருந்து அதன் பேரைச் சொன்னாலே வீட்டை விட்டு வெளியே போய்விடுவாராம்.

"இங்கன வாங்குனா கடைக்காரரே அவியகிட்டச் சொல்லிருவாரு. அதான் ராசபாளையம் போயி வாங்கியாந்தேன். மெழுகோட சேத்துக் காய்ச்சித் தடவுனேன். மறுநாளே கறுத்துப்போச்சு. சொன்னா வைவாகன்னு சொல்லல. பொறவு இந்தக் கறுப்பே புத்தாயிருச்சு, நான் என்ன செய்வேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். "கையை நீட்டு, இன்னொரு தடவை பாக்கணும்" என்றேன்.

நீங்களாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வீர்கள்? சாயம்தான், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நல்லவேளையாக அந்த விறகுவெட்டியின் முகம் குறுக்கே வந்தது. சாயம் இருக்கிறது என்பதால் அடியில் புற்று இல்லை என்று ஆகிவிடாது. ஒரு மச்சத்தின் மேலேயே சேராங்கொட்டையைத் தடவியிருக்கலாம். அவள் சொன்னது உண்மை. ஆனால் அவள் சொன்னதை வைத்து ஒரு காலை விட்டுவைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. காலிடம்தான் கேட்க வேண்டும்.

தோலின் அமைப்பை நீங்கள் படித்திருப்பீர்கள், நான் பாடம் எடுக்கவில்லை. மேல்தோலின் கடைசி அடுக்கில், அடித்தளத்தில்தான் நிறமி உண்டாகிறது. ராஜபாளையம் நாயின் மூக்கைப் பாருங்கள். அங்கே நிறமி இல்லை, அதனால் ரோஜா நிறமாகத் தெரிகிறது. புற்று கிளம்பினாலும் அந்த அடித்தளத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஆனால் குதிகாலில் அந்த அடித்தளத்துக்கு மேலே செத்த தோல் கனமாகக் கிடக்கிறது. அதற்கு நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. சாயம் என்றால் அந்தச் செத்த தோலோடு நின்றுபோகும். புற்று என்றால் செத்த தோலைச் சீவச் சீவக் கறுப்பு கீழே போய்க்கொண்டே இருக்கும்.

உள்ளறைக்குப் போனேன். சர்ஜன் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, சீவிப் பார்க்க அனுமதி கேட்டேன்.

"கீறக்கூடாது என்று சொன்னேனா இல்லையா? அது புற்றாக இருந்து பரவினால் நீ பொறுப்பா?"

"உயிருள்ள தோலைத் தொடமாட்டேன் சார். செத்ததைத்தான் சீவப்போகிறேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் சொன்னபடியே ஆகட்டும்."

"அவள் விரலில் இருந்தது உன் விரலில் இருக்கிற மாதிரிக் கறுப்பா?"

மறைக்காமல் என் கையை நீட்டினேன். அதைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். பிறகு எழுந்துவிட்டார். கை கழுவக்கூட நிற்கவில்லை, சோற்றுக் கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

காலை வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்தோம். என்ன செய்யப்போகிறேன் என்று ராக்கப்பனிடம் சொன்னேன். செண்பகத்தின் ரகசியத்தை மட்டும் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டியது.

"ரம்பம் வேண்டாம், இழைப்புளி போட்டுப் பாப்போம்னு சொல்லுதீங்க" என்றார் தச்சர்.

"அம்புட்டுத்தான். நீங்க ஆடாம இருக்கணும்."

"கட்டை போடுறவன் ஆடமாட்டான் தாயி. நீங்க இழைங்க."

இழைத்தேன். முதல் சீவல் முழுக்கக் கறுப்பு. இரண்டாவதும் கறுப்பு. அடுத்தது பழுப்பு. அதற்கடுத்தது தேன் நிறத்தில், அந்தப் பக்கம் என் விரல் தெரியும்படி வந்தது. அகலமான கறுப்பு முழுவதும் என் கண் முன்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. எனக்கு உள்ளுக்குள் பாட வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் நடுவில் ஒரு கோடு நின்றுவிட்டது. சீவினால் போகவில்லை. கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

"நிறுத்து" என்றார் சர்ஜன்.

நிறுத்தினேன். கத்தியைக் காலை விட்டு எடுத்தேன். அந்தக் கோட்டை வெறும் கண்ணால் பார்த்தேன், பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அதன் பெயர் என்னவாக இருக்கும் என்று யோசிக்கக்கூடாது, என்ன தெரிகிறது என்று மட்டும் சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரான கோடு. இரண்டு பக்கமும் தடித்த உதடு. ஒரு முனையில் கவைபோல் பிரிகிறது. சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது, அது வெடிப்பு. எண்ணெய் வெடிப்புக்குள் இறங்கியிருக்கிறது, அதற்காகத்தானே தடவினாள்.

"சார், உதட்டை மட்டும் எடுக்கிறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் தடித்திருந்த செத்த தோலைச் சன்னமாக எடுத்தேன். வெடிப்பு வாய் திறந்தது. கறுப்பு அதன் சுவரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இன்னொரு சீவல் எடுத்தேன். அடியில் இளஞ்சிவப்பாக, பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரித் தோல் இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

சர்ஜன் குனிந்து பார்த்தார். தொடை இடுக்கில் நெறி உண்டா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். இல்லை. சுற்றியிருந்த கொப்புளங்களைப் பார்த்து, "குட்டி இல்லை, எக்ஸிமா, எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் வந்த புண்" என்று தானே சொன்னார். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தார். கையில் சாம்பார் காய்ந்துபோயிருந்தது. "சாதம் ஆறியிருக்கும்" என்றார். அவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

செண்பகத்தை உள்ளே கூப்பிட்டேன். அவள் புருஷன் முன்னால் வந்து நின்றாள். வலது கையை வெளியே எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான். ராக்கப்பன் அந்த விரலைப் பார்த்தார், தன் காலடியில் கிடந்த கறுப்புச் சீவல்களைப் பார்த்தார்.

"ஏட்டி, சேராங்கொட்டையா?"

"ஆமா."

"எங்கன வாங்குன?"

"ராசபாளையத்துல."

"அதான் அன்னைக்கு எனக்குச் சேவு வாங்கியாந்தியா? நானும் என்னடா இது, கேக்காம சேவு வருதேன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. செண்பகம் அவர் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நானும் அழுதேன். சர்ஜன் மட்டும் கை கழுவப் போய்விட்டார், போனவர் சீக்கிரத்தில் திரும்பவில்லை.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே ஒரு கறுப்பைக் கண்டதும் பிளேடை எடுத்துவிடாதீர்கள். ராக்கப்பனை நான் அதோடு விட்டுவிடவில்லை. சீவின இடத்தில் கறுப்பு மறுபடி எட்டிப் பார்க்கிறதா என்று தேர் வரைக்கும் வரச்சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேருக்குப் பிறகும் பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தால் சர்ஜன் சொன்னதுதான் சரி. உங்களிடம் வரும் கறுப்புகளில் அப்படி ஒன்றும் இருக்கும், அன்றைக்கு நீங்கள் தாமதிக்கக்கூடாது.

தேர் அன்றைக்கு சர்ஜனின் கார் ஊருக்குள் வந்தது. அது அவருடைய நாளே இல்லை. இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று என்னிடம் ஒரு பொய் சொன்னார். தேர் திரும்பும் முக்கில் நாங்கள் நின்றோம், செண்பகமும் எங்களோடு நின்றாள். வடம் இழுக்கிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. தேர் ஆடிக்கொண்டே வந்தது. சக்கரத்தோரம் ராக்கப்பன் இடது குதிகாலை ஊன்றிக் குனிந்தார். செண்பகம் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். கட்டை விழுந்தது, சக்கரம் அதைக் கடித்து நின்றது, தேர் ஒருதரம் குலுங்கி நான்கு மாட வீதிக்கும் கேட்கும்படி முனகியது. அவர் எம்பி வெளியே நின்றார்.

"கையை எடும்மா, முடிஞ்சது" என்றார் சர்ஜன். அவள் எடுத்தாள். அவர் அந்த விரல்களையே பார்த்தார். அதன் பிறகு எந்த நோயாளியோடு யார் வந்தாலும் அவர்களையும் கையைக் காட்டச் சொல்லும் பழக்கம் அவருக்கு வந்தது, அது அன்றைக்குத்தான் ஆரம்பமானது. "காட்டு, பார்ப்போம்" என்றார் அவளிடம்.

செண்பகம் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். கறுப்பு உதிர்ந்து, புதுத்தோல் வந்திருந்தது.

"நீயும் காட்டு" என்றார் என்னிடம்.

என் கை வழக்கம்போல் தலைப்புக்குள் இருந்தது. எடுத்து நீட்டினேன். காலையில்தான் ஒரு பையனுக்கு மரு சுட்டிருந்தேன், நுனி கருகருவென்று இருந்தது. சர்ஜன் அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றார்.